அத்தை மகனைக் கட்டியதால்தான் பாப்பாவுக்குக் காது கேட்கவில்லையா? ஜீன் டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா?

செல்லக்கிளி_அம்மா:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே சும்மா படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். பாப்பாவுக்கு மூன்றரை வயது. சுகப்பிரசவம், எடை 2.8 கிலோ, மஞ்சள் காமாலை இல்லை, இன்குபேட்டரில் வைக்கவில்லை, கர்ப்பத்தில் எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. அவளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது தீபாவளி வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் சரவெடி வெடிக்கிறது, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவள் இமையைக்கூட அசைக்கவில்லை. "நல்ல தூக்கம்" என்று எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரா என்ற காது நரம்பு டெஸ்டில் இரண்டு காதும் 90 டெசிபலுக்கு மேல், அதாவது மிகப் பலத்த சத்தம்கூடச் சரியாகக் கேட்காது என்று வந்தது. இரண்டு வயதில் முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்துகிற கேட்கும் மெஷின் வைத்தோம். இப்போது "அம்மா பால் வேணாம்" என்று மூன்று சொல் சேர்த்துச் சண்டை போடுகிறாள். அந்தச் சண்டையைக் கேட்கத்தானே இவ்வளவு அலைச்சலும்.

என் கேள்வி வேறு. என் கணவர் எனக்கு அத்தை மகன், அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன். எனக்குத் தெரிந்து இரண்டு பக்கமும் மூன்று தலைமுறையில் யாருக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. மாமியார், அதாவது என் அத்தையே, கிரகணத்தன்று நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனதுதான் காரணம் என்கிறார். நேரில் சொல்வதில்லை, அடுப்படியில் சொல்வது எனக்குக் கேட்கும். காது டாக்டர் "ஒரு ஜெனடிக் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார், அது ஆறு மாதமாகப் பீரோவில் கிடக்கிறது. கணவர், மெஷின்தான் வைத்தாயிற்றே, இனிமேல் காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறார்.

இப்போது இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டன. ஒன்று, இரண்டாவது குழந்தைப் பேச்சு. இன்னொன்று, என் தம்பிக்கு என் நாத்தனாரையே பேசியிருக்கிறார்கள், தை மாதம் கல்யாணம். அவர்களும் எங்களைப் போலவேதானே? இதை வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் கல்யாணத்தைக் கெடுக்க வந்தவள் என்று பெயர் வரும்.

டெஸ்ட் பாப்பாவுக்கா எங்களுக்கா? எவ்வளவு செலவாகும்? ஒன்றும் இல்லை என்று வந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? யாருக்கும் இல்லாத ஒன்று எப்படிப் பரம்பரை ஆகும்?


பொள்ளாச்சி_அப்பா:

எடுத்துவிடுங்கள் சகோதரி. உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டு ஒன்றரை வருடம் வீணாக்கினேன்.

எங்களுடையது தாய்மாமன் கல்யாணம், என் அக்கா மகளைத்தான் கட்டினேன். பையனுக்கு இப்போது ஏழு வயது. 2022-இல் எக்ஸோம் டெஸ்ட், அதாவது எல்லா ஜீன்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரே தடவையில் பார்க்கிற டெஸ்ட் எடுத்தோம், 22,000 ரூபாய் ஆனது, ஆறு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பையனுக்கு இரத்தம் எடுத்தார்கள், எங்கள் இருவருக்கும் பிறகுதான். ஜிஜேபி2 என்ற ஜீனில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம், இரண்டு பிரதியிலும். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். அந்த ஜீன் கனெக்ஸின் 26 என்ற புரதத்தைச் செய்கிறது, 226 மணி கோத்த மாலை மாதிரி. எங்கள் பையனுக்கு 24-ஆவது மணியிலேயே நூல் அறுந்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்தப் புரதம் உள்காதில் செல்லுக்குச் செல் பொட்டாசியம் போக வழி விடுகிற குழாய்க்கானது, குழாய் இல்லாவிட்டால் காது வேலை செய்யாது.

ஒரு நல்ல செய்தியும் அன்றைக்கே கிடைத்தது. இந்த ஜீனில் கோளாறு உள்காதோடு நின்றுவிடுகிறது, கேட்கும் நரம்பு நன்றாகவே இருக்கும், அதனால் இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைகள் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள் என்றார். இது முன்பே தெரிந்திருந்தால் ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதம் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இன்னொன்று. எச்சில் துப்பி அனுப்பினால் வம்சாவளி சொல்கிறோம் என்று ஆன்லைனில் கிட் விற்கிறார்களே, அதை வாங்கிவிடாதீர்கள். என் மச்சினன் வாங்கினான். நாங்கள் தென்னிந்தியர்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது.


வைகைக்கரையான்:

சொந்தத்தில் கட்டுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது. டெஸ்ட் எல்லாம் அப்புறம்.


ஓசை_ஆடியாலஜிஸ்ட்:

வைகைக்கரையான், அவர் கல்யாணம் ஆகி ஐந்து வருடம் கழித்துக் கேட்கிறார். இப்போது அதைச் சொல்லி என்ன பயன்? தவிர, என்னிடம் வரும் குழந்தைகளில் சொந்தமே இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களும் நிறைய.

செல்லக்கிளி, காது கேட்கும் திறனைச் சோதிக்கிற இந்த வேலையில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யாருக்கும் இல்லாதது எப்படிப் பரம்பரை? பெரும்பாலும் இப்படித்தான் வரும். காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பெற்றோர் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பது போல. ஒரு சாவி தொலைந்தாலும் கதவு திறக்கும், தொலைந்ததே யாருக்கும் தெரியாது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஒரு சாவி இல்லாமலே எண்பது வயது வரை வாழ்ந்திருப்பார், அந்தக் குறைச் சாவிக்கொத்து உங்கள் அப்பாவுக்கும் வந்தது, அவருடைய அக்காவுக்கும் போயிற்று. அப்பாவிடமிருந்து உங்களுக்கு, அத்தையிடமிருந்து உங்கள் கணவருக்கு. நீங்கள் இருவரும் தெரியாமல் அதையே பாப்பாவுக்குக் கொடுத்திருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஜீன்களில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு இடத்தில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமன் கல்யாணத்தில் 8-இல் ஒரு பங்கு. இது அனுமானம்தான், டெஸ்ட் வந்தால்தான் உறுதி. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு டெஸ்ட்? முதலில் பாப்பாவுக்கு. அவளிடம் எந்த மாற்றம் என்று தெரிந்த பிறகு உங்கள் இருவருக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. நேராக எக்ஸோமுக்குப் போகலாம், அல்லது முதலில் ஜிஜேபி2 மட்டும் பார்த்துவிட்டு அதில் இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். இந்தியாவில் அந்த ஜீனில் மிகுதியாகத் தென்படுவது பொள்ளாச்சி நண்பர் சொன்ன அதே டபிள்யூ24எக்ஸ்தான். ஐரோப்பியர்களுக்கு அதே ஜீனில் வேறு மாற்றம், சீனர், ஜப்பானியருக்கு இன்னொன்று. ஆச்சரியம் என்னவென்றால் ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களிடம், ஜிப்சிகள் என்பார்களே அவர்களிடம், நம்முடைய டபிள்யூ24எக்ஸ் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள், கூடவே எடுத்துப்போயிருக்கிறார்கள்.

காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காது கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஜீன்கள் காரணமாக இருக்கலாம், அவற்றில் சில காதோடு நிற்பதில்லை. அஷர் என்று ஒன்று. அதன் முதல் வகையில் குழந்தை நடக்கவே ஒன்றரை வயது தாண்டும், பிறகு பத்து வயதுவாக்கில் இருட்டில் தடுமாறும், கண் பார்வையும் மெல்லக் குறையும். பெண்ட்ரெட் என்று ஒன்று, பின்னாளில் தைராய்டு வீங்கும். உள்காதின் அமைப்பும் வேறாக இருப்பதால் தலையில் அடிபட்டால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடக்கூடும், அந்தக் குழந்தைகளைத் தலையில் அடிபடுகிற விளையாட்டுகளிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வோம். ஜெர்வெல் லாங்கே நீல்சன் என்று வாயில் நுழையாத ஒன்று, மிக அரிது, ஆனால் ஓடும்போதோ பயந்தாலோ குழந்தை மயங்கி விழும், வலிப்பு என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள், உண்மையில் இதயத் துடிப்பில் கோளாறு. இதனால்தான் பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஒரு ஈசிஜி எடுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது. பாப்பாவுக்கு எடுத்தாயிற்றா?

அப்புறம் தாய் வழியாக மட்டும் வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மாற்றம். 1555 என்று ரிப்போர்ட்டில் எண் வரும். அது இருப்பவர்களுக்கு ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் ஊசிகள் போட்டால் காது போய்விடலாம். ஒருவருக்கு இருந்தால் அவருடைய அம்மா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லோருக்கும் எச்சரிக்கை போக வேண்டும். உங்கள் பாப்பாவின் கதை அப்படித் தெரியவில்லை, இருந்தாலும் இந்த உரையாடல் இழையை நாளைக்கு வேறு யாராவது படிப்பார்கள்.

ஒன்றும் இல்லை என்று வந்தால்? பயமில்லை என்று அர்த்தம் இல்லை. நாம் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். எக்ஸோமுக்கும் கண் மறைக்கிற இடங்கள் உண்டு. எஸ்டிஆர்சி என்ற ஜீன் சிலருக்கு முழுதாகவே காணாமல் போயிருக்கும், அதன் பக்கத்தில் அச்சாக அதே மாதிரி ஒரு போலி ஜீன் உட்கார்ந்திருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் தப்பிவிடும். காரணம் கிடைக்காவிட்டாலும் சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அடுத்த குழந்தைக்கு 25 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுவோம்.

தம்பி கல்யாணம். நேராகக் கணக்கு. நீங்களும் கணவரும் ஒரு சாவி இல்லாதவர்கள் என்று உறுதியானால் உங்கள் தம்பிக்கு அது இருக்கப் பாதி வாய்ப்பு, நாத்தனாருக்கும் பாதி. இருவருக்கும் சேர்ந்து இருக்க நான்கில் ஒன்று, அப்படி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. பெருக்கினால் 16-இல் ஒன்று. ஆனால் யாராவது ஒருவர் டெஸ்ட் எடுத்து அது இல்லை என்று வந்தால் உங்கள் குடும்பத்து மாற்றத்தைப் பொறுத்தவரை அந்தக் கவலை அங்கேயே முடிந்தது. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவே வேண்டியதில்லை, ஒருவருக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.


நிலாமகள்:

ஓசை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கூகுளில் தேடாதீர்கள். நான் செய்த தவறு.

எங்களுக்குச் சொந்தமே இல்லை. நான் நாகர்கோவில், அவர் சேலம். மகளுக்கு எம்ஒய்ஓ15ஏ என்ற ஜீனில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று நோய் உண்டாக்குவது, இன்னொன்று வி.யு.எஸ், அதாவது இது கெடுதலா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்கிற ரகம். ரிப்போர்ட் கொடுத்தவர் "ஒரு மாற்றம்தானே உறுதி, இது காரணம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் லேப் ஆள், மரபியல் ஆலோசகர் இல்லை. இரண்டு வருடம் வேறு வேறு காரணம் தேடி அலைந்தோம், ஒரு ஜோசியர் உட்பட. கடைசியில் ஒரு மரபியல் டாக்டர் எங்கள் இருவருக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார், ஒரு மாற்றம் என்னிடமிருந்து, மற்றது அவரிடமிருந்து. அதற்குள் அதே வி.யு.எஸ் வேறு குடும்பங்களிலும் காது கேளாத குழந்தைகளிடம் பதிவாகியிருந்ததாம், வகைப்பாடு மாறிவிட்டது. மகளுடைய பழைய டேட்டாதான், அவளுக்குப் புதிதாக இரத்தம்கூட எடுக்கவில்லை. அதனால் ரிப்போர்ட்டோடு மூல டேட்டாவையும் கேட்டு வாங்கி வையுங்கள், இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லலாம்.


மௌனமொழி:

எனக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கணவருக்கும் கேட்காது. எங்கள் மகனுக்கு நன்றாகக் கேட்கும், ஐந்து வயதில் எங்களுக்குக் கேஸ் சிலிண்டர்காரரிடம் பேசிக் கொடுத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் "இரண்டு பேருக்கும் கேட்காது, பிள்ளைக்கும் கேட்காது" என்று அழுதார்கள். பிறகு டெஸ்ட் எடுத்தோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது, அங்கே காது கேளாமை பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று தோழி சொல்லித்தான் இந்த டெஸ்டைப் பற்றியே தெரியும். எனக்கு ஜிஜேபி2. அவருக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சலால் போனது, அதற்கு ஜீன் காரணமே இல்லை. அப்படியானால் மகனுக்கு என்னிடமிருந்து ஒரு சாவி குறைவு, அவரிடமிருந்து நல்ல சாவி. இரண்டு பேருக்கும் ஜீனால்தான், ஆனால் வேறு வேறு ஜீன் என்றாலும் பெரும்பாலும் பிள்ளைக்குக் கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே ஜீன் என்றால் பெரும்பாலும் பிள்ளைக்கும் கேட்காது, அதையும் தெரிந்தே கட்டிக்கொண்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

செல்லக்கிளி, டெஸ்ட் எடுங்கள், நான் எதிர்ப்பு இல்லை. ஆனால் இந்த இழையில் "கோளாறு", "பிரச்சினை", "பயம்" என்று எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகள் பெரியவளாகி இதைப் படிப்பாள். இரண்டாவது குழந்தையும் அப்படியே பிறந்தால் அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது என்று அவள் நினைக்கலாம். மெஷின் வைத்திருந்தாலும் கொஞ்சம் சைகை மொழி சொல்லிக் கொடுங்கள், குளிக்கும்போதும் தூங்கும்போதும் மெஷினைக் கழற்றித்தானே வைக்கிறாள், அப்போது அவளோடு எப்படிப் பேசுவீர்கள்?


செல்லக்கிளி_அம்மா:

மௌனமொழி அக்கா, குளிக்கும்போது எப்படிப் பேசுவேன் என்ற கேள்வி என்னை ஒரு நாள் முழுக்கச் சும்மா விடவில்லை. இதுவரை நான் அவளோடு பேசாமல்தான் குளிப்பாட்டியிருக்கிறேன்.

ஈசிஜி எடுத்தோம், நார்மல். இரத்தமும் கொடுத்தாயிற்று. கணவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு சந்தேகம், கர்ப்பத்திலேயே தெரிந்துகொள்ள முடியுமா?


ஓசை_ஆடியாலஜிஸ்ட்:

முடியும், குடும்பத்து மாற்றம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டும். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில். அதனால் கர்ப்பமான பிறகு ஓடி வந்து கேட்டால் நேரம் போதாது, பாப்பாவின் ரிப்போர்ட் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அந்த முடிவை வைத்து என்ன செய்வது என்பதில் நான் தலையிட மாட்டேன், ஆலோசகரும் தலையிடக் கூடாது. பார்க்க விருப்பமில்லை என்றால் அதுவும் சரி. பிறந்து ஒரு மாதத்துக்குள் காது ஸ்கிரீனிங், சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா, ஆறு மாதத்துக்குள் ஹியரிங் எய்டு. பதினான்கு மாதம் தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் அதை அத்தை முகத்தில் வீச வேண்டும் என்று தோன்றும். உங்கள் அப்பாவின் பங்கும் அதில் சரிபாதி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.


பொள்ளாச்சி_அப்பா:

என் வீட்டில் வீச ஆளே இல்லை, இரண்டு பக்கமும் என் அம்மாதான்.


செல்லக்கிளி_அம்மா (இரண்டு மாதம் கழித்து):

ரிப்போர்ட் வந்தது. ஜிஜேபி2, டபிள்யூ24எக்ஸ், இரண்டு பிரதியிலும். எனக்கும் கணவருக்கும் ஒவ்வொன்று. வேறு எதுவும் இல்லை, கண், இதயம், தைராய்டு எதுவும் கவலைப்பட வேண்டாம் என்றார் மரபியல் டாக்டர். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் படம் போட்டுச் சொன்னார். என் கணவர் பேனாவை வாங்கி அதே படத்தில் தம்பியையும் அவர் தங்கையையும் வரைந்து, இவங்களுக்கும் பார்க்கணுமா என்று கேட்டார். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார்.

தம்பியிடம் போனில் சொன்னேன். "ஊசிதானேக்கா" என்றான். அடுத்த வாரமே போய்க் கொடுத்துவிட்டு வந்தான், நாத்தனாருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனான். அவனுக்கு அந்த மாற்றம் இல்லை என்று வந்துவிட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் வீசவில்லை. கணவர்தான் அந்தத் தாளைக் காட்டி, தாத்தா பாட்டி படத்திலிருந்து கோடு இழுத்து, "இங்கிருந்து உனக்கு, உன்னிடமிருந்து எனக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார். அத்தை ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவருடைய பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தாராம், வாய் பேசாதவர், கல்யாணம் பண்ணிக்கொடுக்காமல் வீட்டோடு வைத்திருந்தார்களாம், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், கையைத் தட்டித்தான் கூப்பிடுவார்களாம். இந்தக் குடும்பத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை. பெயர் என்ன என்று கேட்டேன். அத்தைக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்.